வறுத்த தேதி

சென்னையில் புதிதாகத் திறக்கும் காபிக் கடைகளைப் பற்றி யார் பதிவு போட்டாலும் கீழே முதல் கமெண்ட் "ஒரு காபிக்கு 250 ரூபாயா?" என்றுதான் வருகிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு பேசுகிறேன். ஆனால் ஆழ்வார்பேட்டை, அடையாறு, பெசன்ட் நகர், அண்ணா நகர் என்று இரண்டு வருடமாக இந்தச் சின்னக் கடைகளுக்குப் போய் வந்ததில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. இவற்றை எல்லாரும் ஏசி போட்ட பெரிய செயின் கடைகளோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். நல்ல கடைகளைப் பொறுத்தவரை அது தப்பு. அவை நம்ம தெருமுனைக் காபிப்பொடிக் கடையின் பேரப்பிள்ளைகள்.

மாம்பலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அம்மா மனப்பாடமாகச் சொல்லி அனுப்புவார்: பீபரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது. முதல் இரண்டும் காபிக்கொட்டை ரகங்கள், சிக்கரி கூடச் சேர்க்கும் ஒரு வேர்ப்பொடி. கடைக்காரர் கண்ணெதிரே கொட்டையை நிறுத்து அரைத்துக் கொடுப்பார். பொட்டலம் கையில் வெதுவெதுவென்று இருக்கும், தெரு முழுக்க அந்த வாசனை. புது ஆள் யாராவது வந்தால் "டிகாக்ஷன் திக்கா வேணுமா, வாசனை தூக்கலா வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டையில் கை வைப்பார். யாருக்கு எந்தக் கலவை, எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அப்புறம் சூப்பர் மார்க்கெட் பாக்கெட் வந்தது, நாமும் அதற்கு மாறினோம். வறுத்த கொட்டை நாளாக நாளாக மணத்தை இழக்கும், பொடியாக்கிவிட்டால் இன்னும் வேகமாக இழக்கும். காபி-சிக்கரி கலவை என்று விற்பதில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது. எனக்குச் சிக்கரி மேல் கோபம் இல்லை, எங்கள் வீட்டில் இன்றும் எண்பதுக்கு இருபதுதான். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

புதுக் கடையில் வாங்கிய கொட்டைப் பொட்டலத்தில் தோட்டத்தின் பெயர், எவ்வளவு உயரத்தில் விளைந்தது, பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்ததா, இல்லை பழத்தோடு அப்படியே வெயிலில் உலர்த்தியதா, எந்தத் தேதியில் வறுத்தது என்று எல்லாம் எழுதியிருந்தது. இதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1940களில் போர்க்காலத்தில் ஏற்றுமதிச் சந்தை படுத்துப்போனபோது, விவசாயிகளைக் காப்பாற்ற அரசு அமைப்பான காபி போர்டு எல்லாத் தோட்டத்து விளைச்சலையும் தானே வாங்கி, தரம் பிரித்து, மொத்தமாகச் சேர்த்து ஏலம் விடும் ஏற்பாடு வந்தது. போர் முடிந்தும் அது போகவில்லை, 1990களின் நடுவில்தான் முழுக்க விலகியது. நடுவில் ஐம்பது வருடம் யாரோ ஒரு விவசாயி எவ்வளவு அக்கறையாகப் பழம் பொறுக்கினாலும் அவர் கொட்டை பக்கத்துத் தோட்டத்துக் கொட்டையோடு ஒன்றாகப் போய்விடும். எங்கள் தாத்தா குடித்த காபி எந்த மலையில் விளைந்தது என்று கேட்டிருந்தால் அந்தக் கடைக்காரராலேயே சொல்லியிருக்க முடியாது. இன்று சொல்ல முடிகிறது. இதை வெறும் ஃபேஷன் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒரு ஆதங்கம். நான் போன கடைகளில் பலகை முழுக்க சிக்மகளூர், குடகு, நடுவில் எத்தியோப்பியா. ஏற்காட்டில் இருநூறு வருடமாகக் காபி விளைகிறது. கொடைக்கானலுக்குக் கீழே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் ஆரஞ்சு, மிளகு, வாழை நடுவே நிழலில் காபிச் செடிகள் நிற்கின்றன. வால்பாறை, கூடலூர், கொல்லிமலை இருக்கின்றன. நாட்டின் மொத்த விளைச்சலில் பெரும்பங்கு கர்நாடகத்துடையது, தமிழ்நாட்டின் பங்கு சின்னதுதான், ஒப்புக்கொள்கிறேன். சின்னது என்பதால்தானே சின்னக் கடைகள் அதை எடுத்துப் பேச வேண்டும்? சென்னையில் இருக்கும் கடை ஏற்காட்டுக் கொட்டையை வைக்காவிட்டால் வேறு யார் வைப்பார்கள்?

சரி, விலைக்கு வருகிறேன். வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி வந்து உலகச் சந்தையில் 2024இலும் அடுத்த வருடத் தொடக்கத்திலும் கொட்டை விலை எங்கோ போய்விட்டது, அதோடு வாடகை, லட்சக்கணக்கில் மெஷின். எனக்கென்று ஒருவர் கொட்டையை நிறுத்து, அரைத்து, மூன்று நிமிடம் நின்று வெந்நீர் ஊற்றி இறக்கித் தரும் கறுப்புக் காபிக்கு மாதம் ஒரு முறை 220 ரூபாய் தர எனக்கு மனசு வருகிறது. ஆனால் ஒரு கடையில் பால் காபிக்கு 280 வாங்கிக்கொண்டு, எந்த ஊர்க் கொட்டை, எப்போது வறுத்தது என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை.

இன்னொன்று, இதுதான் என்னை ரொம்பவே வருத்தியது. ஒரு நாள் அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அறுபது வருடமாகக் காபி குடிக்கிறவர். பலகையில் ஒரு எழுத்து தமிழில் இல்லை, கவுண்டரில் இருந்தவர் ஆங்கிலத்திலேயே கேட்டார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து "நீயே ஏதாவது சொல்லுப்பா" என்று போய் உட்கார்ந்துவிட்டார். காபியைப் பற்றி அந்தக் கடையில் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டார்களே.

போன மாதம் வேறொரு கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே காபி போடும் பெண் "அப்பா, பால் சேர்க்காம ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்று சின்னக் கோப்பையில் கொடுத்தார். "புளிப்பா இருக்கேம்மா" என்றார் அப்பா. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, லேசாக வறுத்தால் பழத்தின் புளிப்பு தெரியும் என்று சொல்லி, இன்னும் கறுக்க வறுத்த கொட்டையை மோந்து பார்க்கக் கொடுத்தார். ஏற்காடு. வீட்டில் பித்தளை ஃபில்டரா எவர்சில்வரா என்றுகூடக் கேட்டு நூறு கிராம் அரைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அப்பாவே டிகாக்ஷன் போட்டார். பத்து நிமிடத்தில் மொத்தமும் இறங்கிவிட்டது, கொஞ்சம் நீர்த்துதான் இருந்தது, ஆனால் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. டபராவில் ஆற்றிக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாட்டி போறப்ப அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் ஒரு சுத்து நைசா அரைக்கச் சொல்லு."