கடற்கரை மணலில் ட்ரொப் கிக் பழகுகிற கூத்து

உப்புவெளி மணலில் ரக்பி பொடியன்களுக்கு ட்ரொப் கிக் பழக்குகிற கூத்தை முதலில் நிறுத்துங்கோ. கையிலிருந்து விட்ட பந்து நிலத்தில் பட்டு எழும்பும்போது உதைப்பதுதான் ட்ரொப் கிக். அந்த மணலில் பந்து எங்கே எழும்புகிறது? பொதக்கென்று விழுந்து கிடக்கும். அதனால் பொடியன் நிலத்தில் பட முதலே காலை வீசப் பழகுகிறான். பிறகு மெச்சிலும் அதே கால். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் அழகாகப் போகும், மத்தியஸ்தர் புள்ளி கொடுக்கமாட்டார், வேலியோரம் நிற்கிறவனெல்லாம் அவரைத் தூசணத்தால் ஏசுவான். நிலத்தில் படாத உதைக்கு எந்த ஊரிலும் ட்ரொப் கோலுக்குரிய 3 புள்ளி கிடையாது ஐயா.

இறுகிய தரையில் பழகினாலும் எல்லாரும் காலைத்தான் பார்க்கிறார்கள். பிழை இருப்பது கையில். பந்தின் இரண்டு பக்கமும் பிடித்து, மேல்முனை சற்றே உங்கள் பக்கம் சாய, இடுப்பளவிலிருந்து விட வேண்டும். விட வேண்டும், எறியக் கூடாது! நெஞ்சுயரத்திலிருந்து விட்டால் கச்சான் காற்று அடிக்கிற பின்னேரத்தில் பந்து ஒரு பக்கம் ஒதுங்கிப் போகும். முனையில் விழாமல் வயிற்றில் விழுந்தால் எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில், தலை குனிந்தபடி. கம்பத்தை அண்ணாந்து பார்க்கிற அவசரத்தில்தான் பாதி உதைகள் புல்லைச் சிரைக்கின்றன.

காற்றுப் போன பந்தோடு பழகுகிறதை என்னவென்று சொல்ல? விதிப்படி காற்றழுத்தம் 9.5 முதல் 10 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். பெருவிரல் அமுங்குகிற பந்து எப்படித் துள்ளும்? ஒரு பம்ப் வாங்க வக்கில்லை, ஜேர்சிக்கு மட்டும் வருசா வருசம் புது நிறம்.

அடுத்த எரிச்சல், முன்னுக்கு நின்று முட்டி மோதுகிற ஃபோர்வர்ட்மார். 2 புள்ளி பின்னுக்கு, 3 நிமிசம் மிச்சம், கம்பத்துக்கு நேரே 20 மீற்றரில் பந்து கையில். உதைக்க வேண்டிய ஃப்ளை ஹாஃப், நிலத்தில் கிடக்கிற பந்துக்கு மேல் இரண்டு அணியும் முட்டுகிற ரக்கிலிருந்து எட்டுப் பத்து மீற்றர் பின்னால் நின்று பந்தைத் தா என்று கத்துகிறான். இவர்களோ தலையைக் குனிந்து முட்டிக்கொண்டே இருந்து கடைசியில் பந்தைப் பறிகொடுப்பார்கள். கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அழுத்தி எடுக்கிற 5 புள்ளி ட்ரைதான் ஆம்பிளைத்தனமாம்! 1999 உலகக் கிண்ணக் காலிறுதியில் தென்னாபிரிக்காவின் ஜனி டி பியர் இங்கிலாந்துக்கு எதிராக 5 ட்ரொப் கோல் அடித்தாரே, அது என்ன கிட்டிப்புள்ளா? 2003 இறுதியில் இடதுகால்காரரான ஜொனி வில்கின்சன் இங்கிலாந்துக்கு வென்று கொடுத்தது வலது காலால் அடித்த ட்ரொப் கோலால். இங்கே பொடியன்களுக்குப் பழகிய காலாலேயே முடியவில்லை.

எதிரணியின் சின்னத் தவறுக்கு ஃப்ரீ கிக் கிடைத்த உடனே ட்ரொப் கோலுக்கு உதைக்கிற மேதைகளும் உண்டு. பந்து ஒருதரம் ஆட்டத்திலிருந்து நீங்க வேண்டும், அல்லது எதிரணி அதைத் தொடவோ, பந்து வைத்திருப்பவரைப் பிடித்து விழுத்தவோ வேண்டும். அதுவரை செல்லாது. இது கூடத் தெரியாமல் கோச் என்று விசிலைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு திரிகிறார்கள்.