பேராசிரியருக்கு நினைவு மலர் போடுகிறவர்களுக்கு

நாற்பது ஐம்பது வருஷம் ஒரே சபையில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் காலமானால், கோலாலம்பூரில் நாம் செய்வது ஏறக்குறைய ஒன்றுதான். அடக்க ஆராதனை, வாட்சப்பில் மெழுகுவர்த்திப் படம், கொஞ்ச நாள் கழித்து நினைவு ஆராதனை, அதையொட்டி ஒரு மலர். மலரை விரித்தால் எளிமையானவர், பண்பாளர், தமிழ்ப்பற்றாளர், கர்த்தருக்குப் பிரியமானவர். நாலும் உண்மையாகவே இருக்கலாம். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த சபை மூப்பருக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் சங்கடம்.

தனிநாயகம் அடிகளாரைப் பாருங்கள். கத்தோலிக்கக் குரு, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியர். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு இங்கே கோலாலம்பூரில் நடக்கக் காரணமானவர். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கான் நூலகப் பிரதியைக் கொண்டு அதே 1966இல் மலாயாப் பல்கலைக்கழகம் வழியாகத் திரும்பப் பதிப்பித்தவர். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று இதற்குமேல் யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே மலருக்கு எழுதக் கேட்கும்போது "இரங்கல் செய்தி அனுப்புங்கள்" என்று கேட்காதீர்கள். "சார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம், 150 சொல்லில்" என்று கேளுங்கள். எந்த வகுப்பு, எந்தப் பாடம், கட்டுரையில் சிவப்பு மையில் என்ன எழுதித் திருப்பித் தந்தார்? வேதபாட வகுப்பில் எந்த வசனத்தை எப்படிப் பிரித்துச் சொன்னார்? போதகர் செய்தி ஒரு பக்கம் போதும். ஒய்பி (நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்) வாழ்த்து வந்தால் அரைப்பக்கம், அதுவும் உள்ளே தள்ளி. (முதல் பக்கத்தில் ஒய்பி சிரித்துக்கொண்டிருக்கும் நினைவு மலர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.)

தேதிகளைக் குடும்பத்தார் ஞாபகத்திலிருந்து எடுக்க வேண்டாம். தோட்டத்தில் பிறந்த அந்தத் தலைமுறைக்குப் பிறப்பைத் தாமதமாகப் பதிந்ததால் ஐசியில் (அடையாள அட்டையில்) ஒரு தேதி, ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு தேதி இருப்பதுண்டு. இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆய்வேட்டின் தலைப்பைப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலிலிருந்து எழுத்துக்கெழுத்து எடுங்கள்.

அச்சுக்குப் போகும்போது: நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக, 16 அல்லது 24 என்று வரவேண்டும். 22 பக்கம் கொடுத்தால் இரண்டு வெற்றுப் பக்கம் விழும். படங்களை வாட்சப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். தமிழ் தெரியாத அச்சகம் என்றால் முக்கியமான இடம் இதுதான். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்ற அமைப்பைப் போடாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதாவது 'பேராசிரியர்' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே மானம் போகும். பிடிஎஃபை மட்டும் நம்பாமல் தாளில் ஒரு பிரதி எடுத்து பெ, பே, பை, கொ, கோ, கௌ வரும் இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். அச்சான பிறகு தேசிய நூலகத்தை மறக்காதீர்கள், 1986ஆம் ஆண்டு சட்டப்படி அச்சு நூலுக்கு 5 பிரதி அங்கே ஒப்படைக்க வேண்டும்.

மலரைவிட எனக்குப் பெரிய கவலை பேராசிரியர் வீட்டு அலமாரி. அடக்கம் முடிந்த வாரமே யாராவது "இதெல்லாம் பழைய பேப்பர்தானே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்ட புத்தகம் சில மாதத்தில் பூஞ்சை பிடிக்கும். அட்டைப்பெட்டி, தரையிலிருந்து உயர்ந்த பலகை, சுவரிலிருந்து ஒரு கை இடைவெளி, அவ்வளவு போதும். ரப்பர் பேண்டையும் துருப்பிடித்த பின்னையும் எடுத்துவிடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். எண் போடுவதானால் பென்சிலில்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது, தேவையுமில்லை. கடையில் கிடைக்கும் நூலும் பல்கலைக்கழகத்தில் பிரதி உள்ள ஆய்வேடும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஓரக்குறிப்பு எழுதிய நூல்கள், சைக்ளோஸ்டைல் செய்த கருத்தரங்கக் கட்டுரைகள், கடிதங்கள், பிரசங்கக் குறிப்பு நோட்டுகள் ஆகியவைதான் முதலில். ஃபேக்ஸ் தாள் இருந்தால் அன்றைக்கே நகலெடுங்கள், அது வெளுத்துப் போகும் ஜாதி. மற்றதை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும். நூலகத்துக்குக் கொடுப்பதானால் லாரியை அனுப்பாமல் முதலில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, நிலை என்று பட்டியல் அனுப்புங்கள். பட்டியல் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், மொத்தமாக எடுக்க அவர்களிடமும் இடம் இல்லை.

வேதபாடக் கேசட் இருந்தால் எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை, அதை ஓட்டினால் பிளேயரின் ஹெட்டும் கெட்டு அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். நாடாவுக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு விழுந்திருந்தால் குரல் மங்கி வரும், இன்னொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றலாம்.

இதையெல்லாம் இணையத்தில் போடும் ஆசை வந்தால், மலேசியச் சட்டப்படி எழுத்தின் உரிமை அவர் இறந்த பிறகும் 50 வருஷம் இருக்கிறது, அது வாரிசுகளுடையது. எதை வெளியிடலாம், எதைக் கூடாது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி எல்லாப் பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்குங்கள். நினைவு ஆராதனைக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். மெல்பர்னிலிருந்து வந்தவர்கள் மறுநாள் விமானம் ஏறிவிடுவார்கள்.