ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணினேன். சூரிய மின்சாரம் பொருந்திவிட்டது

நண்பர் ஒருவர் பகிர்ந்த வரைபடம் இரண்டு நாட்களாக மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. காற்றாலை மின் உற்பத்தி ஒரு கோடு. தூக்கமின்மை பற்றிக் கூகுளில் தேடியவர்கள் இன்னொரு கோடு. இரண்டும் ஒட்டிப் பிறந்தவை போல மேலே ஏறுகின்றன. "காற்றாலைகள்தான் தூக்கத்தைக் கெடுக்கின்றன, இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?" என்று கேட்டிருந்தார்.

நேற்று இரவு ஒரு விரிதாளைத் திறந்தேன். 2009 முதல் 2023 வரையிலான உலகச் சூரிய மின் உற்பத்தியை ஒரு பத்தியில் இட்டேன். பக்கத்துப் பத்தியில் 1, 2, 3 என்று 15 வரை வெறும் எண்கள். இரண்டும் எவ்வளவு ஒத்து நகர்கின்றன என்று காட்டும் எண்ணான ஒட்டுறவுக் கெழு (முழுப் பொருத்தம் என்றால் 1) 0.94 வந்தது! நான் எண்ணியதால் உலகில் சூரியத் தகடுகள் பெருகவில்லை. ஆண்டுதோறும் ஏறும் எதை எடுத்தாலும், ஏறுகிற இன்னொன்றோடு பொருந்தத்தான் செய்யும். அடுத்து, ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு மாறியது என்று மட்டும் கணக்கிட்டேன். என் பத்தியில் எல்லாமே 1 ஆகிவிட்டது. ஒப்பிடுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

இது புதிய செய்தியும் அல்ல. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் உட்னி யூல் 1926இலேயே இதைக் காட்டிவிட்டார். 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் திருச்சபை முறைப்படி நடந்த திருமணங்களின் விகிதமும் இறப்பு விகிதமும் சேர்ந்தே குறைந்தன. கெழு 0.95. தேவாலயத்தில் மணம் முடிப்பதை நிறுத்தினால் சாவு குறையும் என்று யாராவது சொல்வார்களா?

தேடல் தரவில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு சொல்லை மக்கள் எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸ் சேவை தரும் 100 என்பது நூறு பேரோ நூறு லட்சம் பேரோ அல்ல. மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லின் பங்கு எப்போது உச்சத்தில் இருந்ததோ, அந்த நேரத்துக்கு 100 என்று வைத்து மற்றவற்றை அதற்கேற்பச் சுருக்குகிறார்கள். அதற்கு மேல், இடப்பக்க அச்சுக்கு ஓர் அளவு, வலப்பக்க அச்சுக்கு வேறோர் அளவு என்று வைத்துவிட்டால் எந்த இரண்டு கோடுகளையும் கட்டிப்பிடிக்க வைக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இங்கே ஆயிரம் காக்கைகளை உட்கார வைத்து, பழம் விழுந்த நேரத்தில் உட்கார்ந்த ஒன்றை மட்டும் நம்மிடம் காட்டுகிறார்கள்.

கூகுளே இதில் சறுக்கியிருக்கிறது. அமெரிக்காவில் ஃப்ளூ பரவலைத் தேடல்களைக் கொண்டு கணிக்க 2008இல் ஒரு சேவையைத் தொடங்கினார்கள். சுமார் 5 கோடி தேடல் சொற்களை 1,152 தரவுப் புள்ளிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடல்கள்கூட ஃப்ளூவோடு அழகாகப் பொருந்தின. காரணம், இரண்டுக்கும் குளிர்காலமே பருவம். அவற்றைக் களைந்த பிறகும் கணிப்பு தேறவில்லை. 2012-13 குளிர்காலத்தில், ஃப்ளூ அறிகுறிகளோடு மருத்துவரிடம் சென்றவர்களின் உண்மையான விகிதத்தைப்போல் இரு மடங்குக்கும் மேலாகக் காட்டியது. 2015இல் சேவையை மூடிவிட்டார்கள்.

காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் பெருக வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் நான். அதற்காக எனக்குப் பிடித்த முடிவைச் சொல்லும் பொய்ப் பொருத்தங்களையும் ஏற்க மாட்டேன். சூரிய மின்சாரம் கூடியபோது மகிழ்ச்சியைப் பற்றிய தேடலும் கூடியது என்று யாராவது படம் போட்டால், அதுவும் குப்பைதான்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. காற்றாலைக்கு அருகில் வசிக்கும் ஒருவர் இரைச்சலால் தூக்கம் கெடுகிறது என்று சொன்னால், அது காது கொடுத்துக் கேட்க வேண்டிய முறையீடு. அவர் வீட்டில் இரவில் ஒலியை அளக்க வேண்டும். அருகில் இருப்பவர்களின் உறக்கத்தையும் தொலைவில் இருப்பவர்களின் உறக்கத்தையும் ஒப்பிட வேண்டும். உலகம் முழுவதன் தேடலை ஒரே கோடாக்கிக் காட்டும் படத்தில் அந்த மனிதரே இல்லை.

நண்பரிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறேன். எத்தனை சொற்களைத் தேடிப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஆண்டு மாற்றங்களை ஒப்பிட்டால் கெழு எவ்வளவு? காற்றாலையே இல்லாத பகுதிகளில் அந்தத் தேடல் கூடியதா, குறைந்ததா? பதில் வந்ததும் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.