தீர்ப்புக்கு முன்னால் ஒரு போன் நம்பர்

கருக்கலைப்பு உரிமை என்று பேச்செடுத்தாலே 1973, ரோ எதிர் வேட், அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்றுதான் ஆரம்பிக்கிறோம். ஒன்பது ஆண்கள் உட்கார்ந்து 7-க்கு 2 என்று எழுதிக் கொடுத்த உரிமை போல. அந்தத் தீர்ப்பை 2022 ஜூன் 24 அன்று அதே நீதிமன்றம் தூக்கிப் போட்டுவிட்டது. ஆனால் தீர்ப்புக்கு முன்பே ஒரு போன் நம்பரும், ஒரு அட்டைக் கட்டும், வண்டி ஓட்ட ஆளும் இருந்தார்கள். வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு பத்தியில் தாண்டிப் போவதுதான் எரிச்சல்.

1965-இல் சிகாகோ பல்கலைக்கழக மாணவி ஹெதர் பூத், நண்பர் ஒருவரின் சகோதரிக்குக் கருக்கலைக்க ஒரு டாக்டரைத் தேடிக் கொடுத்தார். அப்போது அங்கே அது சட்டப்படி குற்றம். அதைக் கேள்விப்பட்டு அடுத்த போன் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. 1969-இல் அது ஒரு குழுவானது. வெளியே சொல்லும் பெயர் 'ஜேன்'. கர்ப்பமா, வேண்டாமா, ஜேனைக் கூப்பிடு என்று சின்ன விளம்பரம், கீழே நம்பர்.

கூப்பிட்டவருக்குத் திரும்பப் பேச ஒருவர், நாள் குறிக்க இன்னொருவர். விவரமெல்லாம் 3-க்கு 5 அங்குல அட்டையில்: பெயர், எத்தனை வாரம், உடம்புக்கு வேறென்ன, எவ்வளவு பணம் புரட்ட முடியும். கூட்டத்தில் அட்டைகள் கைமாறிக் கைமாறிச் சுற்றும். ஆளுக்குச் சில எடுத்துக்கொள்வார்கள். அட்டையை எடுத்தவர் அந்தப் பெண்ணைச் சந்தித்து, என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். சிக்கலான அட்டைகள், அதாவது வாரம் கடந்தவர்கள், மிகச் சின்னப் பெண்கள், யாரும் எடுக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தத் தன்னார்வ அமைப்புக்கும் இந்த வியாதி உண்டு.

குறித்த நாளில் பெண்கள் முதலில் போவது 'ஃபிரண்ட்' என்ற வீட்டுக்கு. துணைக்கு வந்தவர்கள், குழந்தைகள் எல்லாரும் அங்கேயே காத்திருப்பார்கள். அங்கிருந்து காரில் 'பிளேஸ்' என்ற இன்னொரு வீடு. சிகிச்சை அங்கே. எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகும் போன் போட்டு விசாரிப்பார்கள்.

தொடக்கத்தில் கட்டணம் 500, 600 டாலர். செய்தவர் ஒரு ஆண். அவர் டாக்டரே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அதிர்ந்துபோய்ச் சிலர் விலகினார்கள். மிச்சமிருந்தவர்கள், அவருக்குக் கைவரும் என்றால் நமக்கும் கைவரும் என்று தாங்களே கற்றுக்கொண்டார்கள். கட்டணம் 100 டாலருக்கு இறங்கியது, அதுவும் இல்லாதவர் இருப்பதைக் கொடுக்கலாம். மொத்தம் சுமார் 11,000 பேர். 1970-இல் நியூயார்க் மாநிலம் கருக்கலைப்பை அனுமதித்துச் சட்டம் போட்டதும் காசுள்ளவர்கள் அங்கே போக விமானம் ஏறினார்கள். ஜேனிடம் வந்தவர்களில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் கூடிக்கொண்டே போனார்கள், உதவி செய்த பக்கத்திலோ பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள். அந்த இடைவெளியைக் குழு கடைசிவரை சரிசெய்யவில்லை.

1972 மே 3. போலீஸ் புகுந்தது. டாக்டர் எங்கே, அந்த ஆள் எங்கே என்று தேடினார்கள். செய்தது பெண்களே என்பது அவர்கள் மண்டையில் ஏறவில்லை. கைதான 7 பேரில் சிலரிடம் அன்றைய அட்டைகள் இருந்தன. போலீஸ் வண்டியில் போகும்போது, பெயரும் முகவரியும் இருந்த பகுதியைக் கிழித்து வாயில் போட்டு மென்று விழுங்கினார்கள். அவர்களுடைய வக்கீல் வழக்கை இழுத்துக்கொண்டே போனார். 1973 ஜனவரியில் ரோ தீர்ப்பு வந்தது, வழக்கு கைவிடப்பட்டது. அந்த வசந்த காலத்திலேயே ஜேன் கலைந்தது.

என் சண்டை இந்த இடத்தில்தான். களைத்துப் போயிருந்தார்கள், நியாயம்தான். ஆனால் தீர்ப்பு அனுமதி கொடுத்தது, பணம் கொடுக்கவில்லை. 1976-இல் ஹைட் திருத்தம், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் நிதியைக் கருக்கலைப்புக்குத் தர மறுத்தது. 1977-இல் டெக்சாஸில் ரோசி ஹிமெனெஸ் என்ற மாணவி, ஒரு குழந்தைக்குத் தாய், மலிவான இடத்துக்குப் போய்த் தொற்று வந்து இறந்தார். அதன் பிறகு ஊர் ஊராக உதவி நிதிகள் முளைத்தன. கலைத்ததை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்தது.

அயர்லாந்தில் நம்பரே குற்றமானது. 1983-இல் சுமார் 67 சதவீத வாக்கோடு கருக்கலைப்புத் தடையை அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 1986-இல், கருக்கலைப்பு செய்யும் இங்கிலாந்து மருத்துவமனைகளின் தகவலைத் தருவதும் கூடாது என்றது நீதிமன்றம். உடனே உதவி நம்பர் பெண்கள் கழிப்பறைக் கதவுகளில் ஏறியது, ஊர்வலங்களில் கோஷமாகவே கேட்டது. 2012-இல் கால்வே நகர மருத்துவமனையில், கரு கலைந்துகொண்டிருந்தபோதும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, இந்தியாவிலிருந்து போன பல் டாக்டர் சவிதா ஹலப்பனவர் இறந்தது நமக்குத் தெரியும். 2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள். வீடு வீடாகக் கதவு தட்டி எடுத்த வாக்கு அது.

பாடத்தைச் சரியாகப் படித்தவர்கள் அர்ஜென்டினாக்காரிகள்தான். பச்சைக் கைக்குட்டையோடு 2005-இல் தேசியப் பிரச்சாரம் தொடங்கியது. கருக்கலைப்பை அனுமதிக்கும் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனார்கள். 2018-இல் ஏழாவது முறை, கீழவை தாண்டி செனட்டில் 38-க்கு 31 என்று தோற்றது. இன்னொரு பக்கம் 'சோகோரிஸ்தாஸ் என் ரெட்' குழுக்கள் போன் எடுத்து, பெண்களை நேரில் சந்தித்து, கருக்கலைப்பு மாத்திரை எடுக்கும் நேரத்தில் தொடர்பிலேயே இருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம், வருடக் கடைசியில் அதைத் தொகுத்து வெளியீடு. ஜேன் விழுங்க வேண்டியிருந்த அட்டையை, பெயரை நீக்கி, இவர்கள் ஆதாரமாகவே மாற்றிவிட்டார்கள்.

2020 டிசம்பர் 30 அன்று செனட்டில் 38-க்கு 29 என்று மசோதா ஜெயித்தது. 14 வாரம் வரை சட்டப்படி செய்யலாம். ஆனால் மனசாட்சியைக் காரணம் காட்டி டாக்டர் ஒதுங்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. அதனால் சோகோரிஸ்தாஸ் கடையைச் சாத்தவில்லை. போன் இன்னும் அடிக்கிறது.