சிஎஸ்வி மாறாது, எக்செல் மாற்றிவிடும்

"சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டால் ஆய்வுத் தரவு மாறவே மாறாது" என்று சொல்வது பாதிதான் சரி. சிஎஸ்வி என்பது மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் வெறும் எழுத்துக் கோப்பு. அதை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்து, மறுபடி சேமித்தால் வந்தது வினை. மாதிரி எண் 00417 வெறும் 417 ஆகிவிடும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும் என்பதால் 16 இலக்க அடையாள எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். செப்ட்2 மரபணு செப்டம்பர் 2 ஆன கூத்து ஊரறிந்தது. 2020இல் பெயரையே செப்டின்2 என மாற்ற வேண்டியதாயிற்று.

இதைத் தவிர்க்க, சிஎஸ்வியை நேரடியாகத் திறக்காமல் எக்செலின் வெற்றுக் கோப்பில் 'டேட்டா' மெனு, 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி', பிறகு 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா'. அங்கே அடையாள எண் நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். எக்செல் தானாகச் செய்த வகை மாற்றத்தை நீக்கவா, புதிய படி சேர்க்கவா என்று கேட்கும்போது 'ரீப்ளேஸ் கரண்ட்' கொடுங்கள். புதிய படியாகச் சேர்த்தால் போன பூஜ்யம் போனதுதான். தமிழ் எழுத்து இருந்தால் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்றே சேமியுங்கள், இல்லையேல் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். மூலக் கோப்பு எப்போதும் 'ரீட் ஒன்லி'யாகத் தனி ஃபோல்டரில் இருக்கட்டும்.