எழுதியவர் பெயர் இல்லாத பாட்டுகள்

‘துன்பம் நேர்கையில்’ என்ற பாட்டை எழுதியவர் யார் என்று புதுச்சேரியில் யாரிடம் கேட்டாலும் பாரதிதாசன் என்று சொல்லிவிடுவார்கள். 1891இல் இந்த ஊரில் பிறந்தவர் அவர். அவர் வாழ்ந்த வீடு பெருமாள் கோயில் தெருவில் இன்றும் நினைவில்லமாக நிற்கிறது. அவர் இயற்றிய வாழ்த்துத்தான் இங்கே அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்படுகிறது. ஆனால் 1951இல் வந்த ‘ஓர் இரவு’ படத்தில் இடம்பெற்ற அந்தப் பாட்டை, நான் மாதாமாதம் பணம் கட்டும் இசைச் செயலியில் திறந்தால், பாடியவர்களின் பெயரும் ஏதோ ஒரு தொகுப்பின் அட்டைப்படமும்தான் இருக்கின்றன. பாரதிதாசன் என்ற பெயர் அதில் எந்த மூலையிலும் இல்லை. பெருமாள் கோயில் தெரு வழியாக நடந்துகொண்டே அந்தப் பாட்டைக் கேட்கும் ஒருவருக்கு, அது அந்தத் தெருக்காரர் எழுதியது என்று தெரிய வழியே இல்லாமல் செய்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இது ஒரு பாட்டோடு நின்ற குறை அன்று. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பாட்டுகளை விலைக்கு வாங்கியும், பழைய குறுந்தகடுகளிலிருந்து எடுத்தும், செயலிகளில் சேமித்தும் வைத்திருக்கும் எவரும், அவற்றை ஒழுங்குபடுத்த உட்கார்ந்த முதல் மாலையிலேயே இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள். வானொலிக் காலத்தில் இந்தத் துன்பம் இருந்ததில்லை. இலங்கை வானொலியும் நம் வானொலி நிலையங்களும் பாட்டை ஒலிபரப்புவதற்கு முன் படத்தின் பெயர், பாடலை இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். அறிவிப்பாளரின் குரலைக் கேட்டுக் கேட்டே கண்ணதாசனையும் வாலியையும் பிரித்தறியக் கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை இந்தக் கடற்கரையோரம் முழுக்க இருந்தது. கேசட்டின் உள்ளட்டையிலும் அந்தப் பெயர்கள் பொடி எழுத்திலாவது அச்சாகியிருந்தன. இடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிற இந்தக் காலத்தில்தான் பெயர் காணாமல் போயிருக்கிறது.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட்டு யாரும் தப்பிக்க முடியாது. பாட்டின் விவரங்களைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் ஐடி3 என்ற முறையின், 1996இல் வந்த முதல் வடிவம் எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டுகளுக்குள் பாட்டின் தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஆகியவற்றுக்குத் தலா 30 எழுத்து என்று இடம் ஒதுக்கியது என்பதும், அதில் பாடலாசிரியருக்கு இடமே இல்லை என்பதும் உண்மைதான். பாடுகிறவரே பாட்டுக்கு உடையவர் என்று கருதும் இசைக்காக வகுத்த அளவு அது. ஆனால் 1998இலேயே இரண்டாம் வடிவம் வந்துவிட்டது. அதில் இசையமைப்பாளருக்குத் தனிக் கட்டம், பாடலாசிரியருக்குத் தனிக் கட்டம், தமிழிலேயே எழுத யூனிகோடு வசதி எல்லாம் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கட்டங்கள் காலியாகக் கிடக்கின்றன என்றால், நிரப்ப வேண்டியவர்களுக்கு அக்கறை இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நிரப்பியிருக்கும் கட்டங்களின் கதையோ இன்னும் மோசம். விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் 1965 வரை இரட்டையராக இசையமைத்தார்கள். அந்த ஆண்டுகளின் பாட்டுகளில் பெரும்பகுதியை ‘எம்.எஸ்.விஸ்வநாதன்’ என்ற ஒற்றைப் பெயரில் போட்டு, டி.கே.ராமமூர்த்தி என்ற பெரும் வயலின் கலைஞரைத் துடைத்து எறிந்திருக்கிறார்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ என்று தேடினால், அந்த இரட்டையர் இசையமைத்த 1965ஆம் ஆண்டுப் படத்தின் பாட்டுகளும், ஜி.வி.பிரகாஷ் குமார் இசையமைத்த 2010ஆம் ஆண்டுப் படத்தின் பாட்டுகளும் ஒரே ஆல்பமாகக் கலந்து கிடக்கின்றன. இளையராஜாவின் பெயரை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடித்து வைத்திருப்பதால், என் கணினி அவரைப் பல மனிதர்களாக எண்ணிப் பட்டியல் போடுகிறது. ஆண்டு என்ற கட்டத்தில் படம் வந்த ஆண்டு இருக்காது. தொகுப்பை வலையேற்றிய ஆண்டு இருக்கும். அறுபதுகளின் பாட்டுகளை மட்டும் கேட்கலாம் என்று வடிகட்டினால், கேட்க நினைத்த பாட்டெல்லாம் 2014இலும் 2018இலும் போய் ஒளிந்துகொள்கிறது.

படப் பாட்டுகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தால், பல செயலிகள் ஒரே படத்தை ஆறு ஆல்பமாக உடைத்துவிடும். இதற்கு மாற்று இருக்கிறது: ‘ஆல்பம் கலைஞர்’ என்ற கட்டத்தில் ஆறு பாட்டுக்கும் இசையமைப்பாளரின் பெயரையே ஒரே மாதிரி எழுதினால் படம் மறுபடி ஒன்றுசேரும். விற்கிறவர் ஒரு முறை செய்ய வேண்டிய இந்த வேலையை வாங்குகிற ஒவ்வொருவரும் தனித்தனியாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது தேவாரத்துக்கு நேர்ந்திருக்கும் கதி. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், ‘சொற்றுணை வேதியன்’ என்று பாடிக் கடலூரில் கரையேறினார் என்பது இந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. அதற்குச் சான்றாகக் கரையேறவிட்டகுப்பம் என்ற ஊர்ப்பெயரே இருக்கிறது. அந்தப் பதிகத்துக்குக் காந்தாரபஞ்சமம் என்ற பண் வகுக்கப்பட்டிருக்கிறது. நான்காம் திருமுறையில் அதன் இடமும் தெளிவாக இருக்கிறது. கரையேறியபின் திருப்பாதிரிப்புலியூரில் பாடிய ‘ஈன்றாளுமாய்’ பதிகமும் அதே திருமுறையில்தான் உள்ளது. நூற்றாண்டுகளாகப் பண், தலம், திருமுறை என்று இவ்வளவு துல்லியமாகப் பகுத்துக் காப்பாற்றிய ஓர் இசைச் செல்வத்தை, ‘டிராக் 07’ என்று தலைப்பிட்டு, ‘பக்தி’ என்று ஒரு வகைமுத்திரையைக் குத்தி, காசுக்கு விற்கிறார்கள். நம் முன்னோர் ஓலையில் காட்டிய ஒழுங்கில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கோப்புகளில் இல்லை.

இதனால்தான் என் சேகரிப்பை நானே திருத்திக்கொண்டு வருகிறேன். இந்தக் கட்டங்களைத் திருத்த எம்பி3டேக், மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பாடலாசிரியர் கட்டத்தைத் தமிழில் நிரப்புகிறேன்; படம் வெளியான ஆண்டை எழுதுகிறேன்; ‘குழு’ என்ற கட்டத்தில் பண்ணையோ ராகத்தையோ குறிக்கிறேன். பெயர்கள் சரியானதும் பாட்டுகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு வருகின்றன. தேஷ் ராகம் என்று வடிகட்டினால் ‘துன்பம் நேர்கையில்’ பாட்டுக்குப் பக்கத்தில் கச்சேரியின் கடைசியில் பாடும் தில்லானாக்கள் வந்து நிற்கின்றன. காந்தாரபஞ்சமத்தை ஓதுவார்கள் கேதாரகௌளையில் பாடுவதால், அப்பர் பதிகத்தை அடுத்து அந்த ராகக் கீர்த்தனைகளைக் கேட்க முடிகிறது. 1965க்கு முன், கண்ணதாசன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று மூன்று நிபந்தனை கொடுத்தால் தானே நிரம்பும் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறேன். மாலையில் பீச் ரோட்டில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்ட பிறகு, அந்தப் பட்டியலைக் கேட்டபடி நடப்பதைப் போன்ற இன்பம் எனக்கு வேறில்லை.

அந்த இன்பத்தையும் இவர்கள் முழுதாக விடுவதில்லை. பாடுபட்டுத் திருத்திய கோப்புகளை ஒரு பிளேயர் மென்பொருளில் திறந்தேன். அது என்னைக் கேட்காமலே வலையிலிருந்து ‘சரியான’ விவரங்களை இறக்கி, தமிழில் எழுதிய பெயர்களை அழித்து, பழைய குப்பையைத் திரும்பக் கொட்டிவிட்டது. பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் காரில் செருகினால் தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. லட்சக்கணக்கில் விலை சொல்லித் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் விற்கும் வண்டிக்குத் தமிழ் எழுத்துரு ஒன்றைச் சேர்க்க முடியவில்லையாம். சந்தாச் செயலியில் சேமித்த பாட்டோ, உரிமம் முடிந்தால் ஒருநாள் காலையில் சாம்பல் நிறமாகிக் கிடக்கும். அதற்கு ஒரு வரி அறிவிப்புகூட வராது.

பிழைகளைச் சுட்டிக்காட்டி அந்தச் செயலிக்கு எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம் அனுப்பிய பதில் வந்தது. பாட்டு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. படத்தின் எழுத்தோட்டத்தில் பெயர் இருக்கிறது, பாட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது, கோப்பில் கட்டமும் இருக்கிறது. தமிழ் தெரிந்த, பாட்டு தெரிந்த நான்கு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். பாரதிதாசனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.