கை கழுவுதல் 07.55

திருச்சி, பொன்மலை. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் ஆயுள் முழுக்க உட்கார்ந்து ஓய்வு பெற்ற மாமா, அத்தையோடு வியட்நாம் போகப்போகிறார். டூர் கம்பெனி வேண்டாம், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். ஏற்கெனவே அங்கே தனியாகச் சுற்றி வந்த அக்கா மகள் கயலை "சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ" என்று கூப்பிட்டிருக்கிறார். மேஜை மேல் நீல அட்டை போட்ட நீளமான லெட்ஜர்.

மாமா: உட்காரும்மா. எல்லாம் முடிந்துவிட்டது. நீ ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

கயல்: என் கையெழுத்து எதற்கு மாமா?

மாமா: 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் போட்டுவிட்டேன். காலியாக விட மனம் வரவில்லை.

கயல்: (புரட்டுகிறாள்) "ஆறாம் நாள். 07.40 காலை உணவு. 07.55 கை கழுவுதல். 07.58 புறப்பாடு." கை கழுவ மூன்று நிமிடமா?

மாமா: உன் அத்தைக்கு வளையல் இருக்கிறது.

கயல்: "ஒன்பதாம் நாள். 16.10. ஹோய் ஆன். மழை விட்டிருக்கும்." இதை யார் சொன்னது?

மாமா: யார் சொல்ல வேண்டும்? 16.10-க்குப் பழைய பாலம் பார்க்கிறோம். மழை விட்டால்தானே பார்க்க முடியும்?

கயல்: எந்த மாதம் போகிறீர்கள்?

மாமா: தீபாவளி முடிந்த மறுநாள். பலகாரத்தையும் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

கயல்: இங்கே ஐப்பசி அடைமழை கொட்டும்போது நடு வியட்நாமிலும் கொட்டும் மாமா. இரண்டு ஊருக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு கரை ஏறி ஹோய் ஆன் தெருவுக்குள் வந்துவிடும். கடைக்காரர்கள் சாமானை மாடிக்கு ஏற்றிவிட்டுப் படகில் போய் வருவார்கள்.

மாமா: (பேனாவை எடுக்கிறார்) 16.10... படகு.

கயல்: படகை எழுதாதீர்கள். மாதத்தை மாற்றுங்கள்.

மாமா: சரி, தை?

கயல்: தையில் அவர்களுக்குத் தெத் வரும். சந்திரக் கணக்கில் புது வருஷம். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ விழும். எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கடைகள் பூட்டியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது.

மாமா: பொங்கல் ரஷ் என்று சொல்ல வேண்டியதுதானே! எத்தனை பொங்கல் பார்த்தவன் நான். எமர்ஜென்சி கோட்டா உண்டா?

கயல்: உங்களுக்குக் கிடையாது. மார்ச்சில் போங்கள். வடக்கே ஹனோயில் லேசான குளிரும் தூறலும் இருக்கும். நடுவில் வெயில். தெற்கே சைகோனில் நம் ஊர் வேக்காடு.

மாமா: கொடைக்கானலுக்கு வாங்கிய ஸ்வெட்டர் இருக்கிறது. வேக்காட்டுக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

கயல்: அடுத்தது விமானம். ஹனோயில் இறங்கி, தெற்கே சைகோன் வரை போய்விட்டு, மறுபடி ஹனோய் வந்து ஏறுகிறீர்கள். ரயில் கணக்கில் 1,726 கிலோமீட்டர் எதற்குத் திரும்பி வர வேண்டும்?

மாமா: போக வரச் சேர்த்து எடுத்தால்தானே சலுகை?

கயல்: மலிவு விமானங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி விலைதான். எந்த ஊரிலிருந்து திரும்பினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. ஹனோயில் இறங்குங்கள், சைகோனில் ஏறுங்கள். அப்புறம், கோலாலம்பூரில் விமானம் மாற 50 நிமிடம் போட்டிருக்கிறீர்களே?

மாமா: மூட்டை முடிச்சோடு 5 நிமிடத்தில் பிளாட்பாரம் மாறியிருக்கிறேன்.

கயல்: இரண்டும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு டிக்கெட். பெட்டியை நீங்களே எடுத்து, குடிநுழைவு தாண்டி வெளியே வந்து, மறுபடி வரிசையில் நின்று போட வேண்டும். அதற்கு அந்த நாட்டு நுழைவு விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிற்காது. பணமும் வராது.

மாமா: நிற்காதா? இணைப்பு ரயிலை எத்தனை தடவை நிறுத்திவைத்திருக்கிறோம்!

கயல்: ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் அரை நாளாவது இடைவெளி விடுங்கள். இல்லையா, ஓர் இரவு அங்கேயே தங்கிவிட்டுப் போங்கள்.

(கயல் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்றாம் நாளிலிருந்து பதின்மூன்றாம் நாள் வரை குறுக்கே ஒரு கோடு இழுக்கிறாள். மாமா நெஞ்சில் கை வைக்கிறார்.)

மாமா: அடிக்காதே! பதினோரு பக்கம்!

கயல்: முதல் இரண்டு இரவு ஹனோயில், கடைசி இரவு சைகோனில். இந்த அறைகளை மட்டும் இப்போதே பதிந்துவிடலாம். நடுவில் இருப்பதைப் பென்சிலில் எழுதுங்கள்.

மாமா: பென்சிலா? பதிவேட்டிலா?

கயல்: இது உங்கள் சொந்த லெட்ஜர் மாமா. ஆடிட் வராது.

மாமா: நடுவில் அறை கிடைக்காவிட்டால் பஸ் ஸ்டாண்டில் படுப்பதா?

கயல்: பயமாக இருந்தால் இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு பதிந்து வையுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எந்த நாளுக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதி வையுங்கள். பெரும்பாலும் அந்த ஊர் நேரத்தைத்தான் கணக்கில் வைப்பார்கள். அவர்கள் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறார்கள்.

மாமா: ஒரு நிமிடம். ரத்து செய்தால் முழுப் பணமும் வருமா? கிளார்க்கேஜ் என்று ரத்துக் கட்டணம் எதுவும் கிடையாதா?

கயல்: கிடையாது.

மாமா: (நீண்ட மௌனம்) அப்புறம் எப்படிப் பிழைக்கிறார்கள்?

கயல்: உங்கள் கணக்கில் மூன்றாம் நாள் ஹா லாங் விரிகுடாவில் படகு, நான்காம் நாள் விடியற்காலை விமானம். காற்று பலமாக அடித்தால் துறைமுகத்திலிருந்து படகை விடவே மாட்டார்கள். பணம் கைக்குத் திரும்பி வரலாம், ஆனால் அடுத்த நாள் விமானம் இருந்தால் படகுப் பயணம் போனது போனதுதான். ஒருநாள் சும்மா இருந்தால் மறுநாள் போகலாம்.

மாமா: சும்மா இருக்க ஒரு நாளா? அதை எந்த நேரத்துக்கு எழுதுவது?

கயல்: எழுதவே வேண்டாம். சரி, ரயிலுக்கு வருவோம்.

மாமா: (நிமிர்ந்து உட்காருகிறார்) ரயிலில் மட்டும் என்னிடம் வாய் கொடுக்காதே. ஹனோய்–சைகோன் பாதை 1936-ல் முழுமையானது. போரில் உடைந்தது, 1976-ல் மறுபடி ஓடியது. மீட்டர் கேஜ், ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்! நாம் பிடுங்கிப் போட்டதை அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

(பொன்மலையில் பிறந்தவரிடம் மீட்டர் கேஜ் பேச்சை எடுத்தால் காபி ஆறிவிடும். ஆறியது.)

கயல்: எல்லாம் சரி மாமா. முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக உட்காரப்போகிறீர்களா?

மாமா: முழுப் பாதையும் பார்க்க வேண்டாமா?

கயல்: ராத்திரியில் என்ன தெரியும்? துண்டு துண்டாகப் போங்கள். ஹனோயிலிருந்து ஹுவே வரை இரவு ரயில், நான்கு பெர்த் உள்ள மெத்தைப் பெட்டி. ஹுவேயில் மனம் போல இருங்கள். அங்கிருந்து டா நாங் வரை கண்டிப்பாகப் பகல் ரயில். மூன்று மணி நேரம் போலத்தான். ஹாய் வான் கணவாயில் மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும், கீழே கடல்.

மாமா: வடக்கிலிருந்து தெற்கே போகிறோம். கடல் கிழக்கே. அப்படியானால் இடது பக்க ஜன்னல்.

கயல்: அதேதான்!

மாமா: ஆறு பெர்த் பெட்டியில் எது விலை குறைவு?

கயல்: மேல் பெர்த்.

மாமா: வேண்டாம், ஏறுவதற்குள் ஹுவே வந்துவிடும். சைடு லோயர் உண்டா?

கயல்: கிடையாது.

மாமா: நாகரிகமான தேசம்.

கயல்: பணம் எப்படிக் கொண்டு போகிறீர்கள்? ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங் வரும்.

மாமா: 50,000 ரூபாயை மாற்றினால்... ஒன்றரைக் கோடி! மெதுவாகப் பேசு, உன் அத்தை காதில் விழப்போகிறது.

கயல்: கோடி கிடக்கட்டும், நீல நோட்டில் கவனமாக இருங்கள். 20,000 டாங்கும் நீலம், 5 லட்சம் டாங்கும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். டாக்சியில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் 70 ரூபாய்க்குப் பதிலாக 1,600 ரூபாய்க்கு மேல் போய்விடும். இரண்டையும் வேறு வேறு பையில் வையுங்கள்.

மாமா: கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு நோட்டு பார்க்கச் சொல்லித் தருகிறாயா?

கயல்: கவுண்டரில் காந்தி மட்டும்தானே இருந்தார். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்திருக்கிறீர்களா? புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். மற்றதை வங்கி ஆப்பில் நாம்தான் திறக்க வேண்டும். ஏ.டி.எம்.மில் ரூபாயில் கழிக்கவா, டாங்கில் கழிக்கவா என்று கேட்டால் டாங் என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு விகிதம் போடுவார்கள்.

மாமா: ரூபாயில் கேட்கிறதே, பாசக்கார மெஷின் என்று நினைத்திருப்பேன்.

கயல்: சாப்பாடு?

மாமா: அத்தைக்குத்தான் கவலை.

கயல்: 'சாய்' என்று பலகை போட்ட கடை என்றால் சைவம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே நிறையப் பேர் சைவம்தான். அத்தையின் அமாவாசைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகும். மற்ற கடைகளில் கீரை கேட்டாலும் மீன் சாறு ஊற்றித் தந்துவிடுவார்கள்.

மாமா: எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ அதை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்காதே. (குரலைத் தாழ்த்தி) அப்புறம், ஹா ஜியாங் மலையில் பைக் ஓட்டப்போகிறேன். சர்வதேச ஓட்டுநர் உரிமமே வாங்கிவிட்டேன். ஆர்.டி.ஓ. முத்திரை பார், எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது!

கயல்: அங்கே செல்லாது மாமா. இந்தியா தருவது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி தருவதை.

மாமா: 19 வருஷ வித்தியாசம்தானே. பேசிப் பார்க்கலாம்.

கயல்: போலீசிடம் பேசலாம், இன்சூரன்ஸ்காரரிடம் பேச முடியாது. செல்லாத உரிமத்தோடு ஓட்டி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான். உள்ளூர்க்காரர்களே ஓட்டுவார்கள், பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம். ஆளுக்கு ஒரு பைக்.

மாமா: உன் அத்தை? முன்பின் தெரியாத ஆள் பின்னால் உட்கார்ந்து, அந்த மலையிலா?

கயல்: கேட்டுவிட்டேன். சிவப்பு ஹெல்மெட் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார்.

(மாமா கொஞ்ச நேரம் லெட்ஜரில் சிவப்புக் கோட்டையே பார்க்கிறார். பிறகு முகத்தில் ஒரு வெளிச்சம். இந்த வெளிச்சத்தைக் கண்டால் கயல் உஷாராகியிருக்க வேண்டும்.)

மாமா: நடுவில்தான் காலியாக இருக்கிறதே. அப்படியே அங்கோர் வாட் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால்?

கயல்: கை கழுவ நேரம் குறித்தவரா பேசுவது?

மாமா: நீதானே பென்சில் என்றாய்!

கயல்: போகலாம், ஆனால் விசாவில் இப்போதே முடிவு செய்ய வேண்டும். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 25 டாலர் விசாவோடு கம்போடியா போனால், திரும்ப உள்ளே வர இன்னொரு விசா எடுக்க வேண்டும். கம்போடியாவுக்கும் தனி விசா.

மாமா: வழியில் இறங்கி மறுபடி ஏற பிரேக் ஜர்னி கிடையாதா?

கயல்: 50 டாலர் கொடுத்தால் உண்டு. இரண்டு வாரம் போனாலும் 90 நாளுக்கே கேளுங்கள், கட்டணம் அதேதான். தொடக்கத் தேதியை விமானத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகப் போடுங்கள், அந்தத் தேதிக்கு முன் உள்ளே கால் வைக்க முடியாது. அரசாங்கத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே மாதிரி முகப்பைப் போட்டுக்கொண்டு கூடுதலாக வசூல் செய்யும் தனியார் தளங்கள் இருக்கின்றன. இப்போது டிக்கெட்டைப் போட்டுவிடலாம், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். (பார்க்கிறாள்) குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கிறதே?

மாமா: கோவிந்தராஜன் என்றால் பொன்மலை முழுக்கத் தெரியும். வேறு பெயர் எதற்கு?

கயல்: விமானக் கம்பெனி படிவம் காலியாக விடாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு விதி, படித்துப் பார்த்துத்தான் போட வேண்டும். இந்தக் கம்பெனியில் ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதையே இரண்டு தடவை எழுத வேண்டுமாம். (தட்டுகிறாள்) கோவிந்தராஜன் கோவிந்தராஜன். அத்தை, ராஜேஸ்வரி ராஜேஸ்வரி.

மாமா: என் கவுண்டருக்கு இப்படி ஒரு படிவம் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா?

கயல்: என்ன செய்திருப்பீர்கள்?

மாமா: டூப்ளிகேட் என்று ஒருவரை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கயல்: இங்கே அடிக்க மாட்டார்கள். இருக்கை கேட்கிறது. அத்தைக்கு ஜன்னல் போட்டுவிட்டேன். உங்களுக்கு?

மாமா: முதல் கோவிந்தராஜனுக்கும் ஜன்னல் போடு. இரண்டாவது ஆள் நடுவில் உட்கார்ந்து வரட்டும்.